ஆறு மாத அவகாசம்: புதுச்சேரி சொல்தாக்களின் கதை

இந்த எபிசோடை எங்க ஊர்ப் பேர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் அம்மையார்குப்பம். திருத்தணிக்குப் பக்கத்துல, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிற நெசவாளர் ஊர். சென்னைக்குப் படிக்க வந்த புதுசுல ஊர்ப் பேரைச் சொன்னா, எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒண்ணுதான்: "குப்பமா? அப்போ வீடு பீச் பக்கத்துலயா?" இல்லைங்க. எங்க ஊர்ல அலைச் சத்தம் கிடையாது, தறிச் சத்தம்தான். குப்பம்னா சின்னக் குடியிருப்பு. கடற்கரையில மீனவர் ஊர்களுக்கு அந்தப் பேர் அதிகமா ஒட்டிக்கிட்டதால, சென்னைக்காரங்க காதுல குப்பம்னாலே கடல்தான்.

இன்னைக்குப் பேசப் போறது நிஜமாவே கடல் இருக்கிற ஊரைப் பத்தி. அங்கேயும் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம்னு குப்பங்கள் இருக்கு. ஆனா நம்ம கதை மீனவர்களைப் பத்தினது இல்ல. ஓய்வு பெற்றவர்களைப் பத்தினது.

ஓய்வு பெற்றவர்கள் கூடிவாழும் கடற்கரை ஊர்னா உங்களுக்கு எது ஞாபகம் வரும்? அமெரிக்கர்களுக்கு ஃபுளோரிடா. ஆங்கிலேயர்களுக்கு ஈஸ்ட்போர்ன், போர்ன்மவுத் மாதிரி தென்கடற்கரை ஊர்கள். வேலை பார்த்த நகரத்தை விட்டுட்டு, பென்ஷன் பணத்தோட வெயிலும் காற்றும் தேடி வந்தவங்க அங்கே இருக்காங்க. நம்ம பக்கத்துல அப்படி ஒரு ஊர் உண்டா? உண்டு. வீக்எண்டுக்கு நீங்க பைக்ல போற ஊர்தான். புதுச்சேரி.

ஆனா புதுச்சேரியில ஓய்வூதியம் வாங்கினவங்க வெயில் தேடி வந்தவங்க இல்ல. அந்த ஊரை விட்டுப் போய், துப்பாக்கி தூக்கி, திரும்பி வந்தவங்க. ஊர்ல அவங்களுக்கு ஒரு பேர் உண்டு: சொல்தா. பிரெஞ்சு மொழியில சிப்பாய்க்கான சொல், புதுச்சேரித் தமிழுக்குள்ள அப்படியே வந்து உட்கார்ந்துடுச்சு. "சொல்தா வீடு எது?"ன்னு கேட்டா தெருவுல யாராவது கை காட்டுவாங்க.

பேரை மாத்திக்கிட்டவங்க

கதை ராணுவத்துல ஆரம்பிக்கல, ஒரு ஜோடி செருப்புல ஆரம்பிக்குது. சரியா சொல்லணும்னா ஷூ.

1873. பொன்னுத்தம்பி பிள்ளைன்னு ஒரு தமிழ் வக்கீல், ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கிட்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள்ள போறார். இந்தியர்கள் அப்படி வரக்கூடாதுங்கிறது அன்றைய வழக்கம். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அவர் விடலை. வழக்கை பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போனார், ஜெயித்தார்.

அதே பொன்னுத்தம்பிதான் பிறகு ஒரு பெரிய இயக்கத்தின் முகமாக ஆனார். 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. அதன்படி, பிரெஞ்சிந்தியாவில் இருக்கும் ஒரு இந்தியர், தன் சாதி, மத வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். துறக்கும்போது ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். நாங்க ஒரு கதவைத் திறக்கிறோம்னு சொல்ற மாதிரியான பெயர்.

யார் துறந்தாங்க? இங்கதான் விஷயம் இருக்கு. பெரும்பாலும் தலித் மக்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர், கிறிஸ்தவர்கள். மேல் சாதிக்காரர்கள் பெரும்பாலும் எதிர்த்தாங்க. அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் சண்முக முதலியார், அன்றைய புதுச்சேரி அரசியலின் பெரும்புள்ளி. கோயில், நிலம், சாதி மரியாதை எல்லாம் கையில் இருப்பவருக்கு எதையும் துறக்க வேண்டிய அவசியம் இல்லை. அதெல்லாம் இல்லாதவருக்கு, துறப்பதில் இழப்பு குறைவு, வரவு அதிகம்.

வரவு என்ன? முக்கியமாக வேலை. அப்போது பிரான்சு வியட்நாமின் தென்பகுதியைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்தது. சைகோனில் வரி வசூலிக்க, தபால் பார்க்க, சுங்கச் சாவடியில் உட்கார, சிறையைக் காவல் காக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள், ஐரோப்பியர்களுக்குச் சமமான உரிமையும் சம்பளமும் எங்களுக்கும் வேண்டும் என்று அங்கே போராடினார்கள். ஓட்டுரிமையும் பெற்றார்கள்.

அவர்களில் பலர் வயதான பிறகு திரும்பி வந்தார்கள். அதுதான் புதுச்சேரியின் முதல் ஓய்வூதிய அலை. சைகோன் பென்ஷன்காரர்கள். சிலர் வியட்நாமிய மனைவிகளோடு வந்தார்கள். புதுச்சேரியில் சில தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் 'நெம்' என்ற வியட்நாமிய ரோல் இன்றைக்கும் பொரிபடுவதற்குக் காரணம் இந்தக் கப்பல் போக்குவரத்துதான்.

35 வயசுல ரிட்டயர்மென்ட்

இரண்டாவது அலை ராணுவத்தினுடையது.

கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே நான்கு தூண்களோடு ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கு. நீங்க அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்திருப்பீங்க. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சு ஹிட்லரிடம் விழுந்தபோது, 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் புதுச்சேரியை தெ கோலின் 'சுதந்திர பிரான்சு' பக்கம் சேர்த்தார். மறுபடியும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். போர் முடிந்ததும் இந்தோசீனப் போர். 1954-இல் தியன் பியன் பூவில் பிரான்சு தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் அல்ஜீரியாவில் போர் தொடங்கியது. புதுச்சேரிப் பையன்கள் அங்கேயும் இருந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. காலனி ஆட்சியில் பிறந்த தமிழ்ப் பையன், இன்னொரு காலனியின் விடுதலைப் போராட்டத்தை அடக்கப் போயிருக்கான். இதை எப்படிப் புரிஞ்சுக்கறது? கொள்கைன்னு பேசறதுக்கு முன்னாடி அவன் வீட்டு நிலைமையைப் பார்க்கணும். நிலம் இல்ல. ஊர்ல சாதி பார்க்காத வேலை இல்ல. ராணுவம் மட்டும் சாப்பாடு, சம்பளம், சீருடை, கூடவே பென்ஷனும் தருது. அதை வெச்சு அவன் செஞ்சதை நியாயப்படுத்தலாம்னு நான் சொல்லலை. அவன் முன்னாடி இருந்த கதவுகள் எத்தனைன்னு எண்ணிப் பார்க்கணும்னுதான் சொல்றேன்.

இப்போ அந்த பென்ஷன் கணக்கு. ஓய்வு பெற்றவர்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது வெள்ளை முடி, வாக்கிங் ஸ்டிக். ஆனா அன்றைய பிரெஞ்சு ராணுவ விதிப்படி, அதிகாரி அல்லாத ஒரு சிப்பாய் 15 ஆண்டு சேவை முடித்தால் உடனே ஓய்வூதியம் வாங்கத் தொடங்க முடிந்தது. 19 வயதில் சேர்ந்தவர் 34, 35 வயதில் ஓய்வு பெற்றுவிட முடிந்தது. அதாவது, புதுச்சேரியின் ரிட்டயர்ட் ஆட்களில் பலர் அப்பதான் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க ஆரம்பிச்சிருந்தாங்க.

உலகத்தில் மற்ற ஓய்வூதிய ஊர்களிலிருந்து புதுச்சேரியைப் பிரிக்கிறது இந்த ஒரு விஷயம்தான். ஈஸ்ட்போர்னில் பென்ஷன்காரர்கள் கூடினால் ஊருக்கு வயதாகும், பள்ளிக்கூடம் காலியாகும். இங்கே நடந்தது நேர்மாறு. பென்ஷன் வாங்குபவர் ஒரு இளைஞர். வீடு கட்டுகிறார், குழந்தை பெறுகிறார், பிள்ளையை 1826-இலிருந்து இயங்கும் பிரெஞ்சு லிசேயில் சேர்க்கிறார். சிலர் கடை வைக்கிறார்கள், சிலர் பிரான்சுக்கே போய் இரண்டாவது வேலை பார்க்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கு. கணவர் இறந்தால் மனைவிக்கு அவர் ஓய்வூதியத்தில் பாதி தொடர்ந்து வரும். தாமதமாகக் கல்யாணம் செய்தவர்கள் என்பதால், மனைவிக்கும் கணவருக்கும் வயது வித்தியாசம் அதிகமாக இருப்பது சகஜம். உதாரணத்துக்கு, 1932-இல் பிறந்த ஒரு சொல்தா, 1947-இல் பிறந்த பெண்ணைக் கட்டியிருந்தால், அந்த அம்மாவுக்கு இப்போதும் பென்ஷன் வந்துகொண்டிருக்கலாம். இந்தோசீனப் போர் முடிந்து எழுபது ஆண்டு ஆனபிறகும், அதன் செலவுக் கணக்கு நெல்லித்தோப்பிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு வீட்டில் இன்னும் மூடப்படாமல் இருக்கலாம்.

வருஷா வருஷம் இவர்கள் 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும். நம்ம தாத்தா பாட்டி பேங்க்ல போய் கொடுக்கிற லைஃப் சர்டிபிகேட் மாதிரியேதான். என்ன, இது பிரான்சு வரைக்கும் போகணும்.

178 பேரும், ஒரு படிவமும்

இப்போ கதையின் நடுப்பகுதிக்கு வர்றேன்.

1954 அக்டோபர் 18. புதுச்சேரிக்கு வெளியே கீழூர் என்ற சின்ன கிராமத்தில் ஒரு வாக்கெடுப்பு. ஓட்டுப் போட்டவர்கள் மொத்தம் 178 பேர், எல்லாரும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது.

ஆனா சட்டப்படி ஊர் இன்னும் பிரான்சினுடையதுதான். 1956 மே 28 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை உடனே ஏற்கவில்லை. அல்ஜீரியப் போர் நடக்கும்போது, இன்னொரு காலனியை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது, அதே ஜூலையில் புதுச்சேரி ஒப்பந்தமும் நிறைவேறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது அமலுக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் சாதாரண ஆளைத் தொடும் விதி ஒன்று உண்டு. புதுச்சேரிப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லாரும் அன்று முதல் தானாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாத, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவுதான் முடிவு.

ஊர் எந்த நாட்டோடு சேருவது என்பதற்கு 178 பேரைக் கேட்டார்கள். நீ எந்த நாட்டு ஆள் என்பதை மட்டும் ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியா கேட்டார்கள். ஆறு மாதம் டைம்.

சுமார் 5,000 பேர்தான் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தார்கள். மீதி லட்சக்கணக்கானவர்கள் ஒன்றும் செய்யவில்லை, இந்தியர் ஆனார்கள். பலருக்கு அதுதான் விருப்பம். விடுதலைக்காகப் போராடியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே ஒரு முடிவு என்பது எத்தனை பேருக்கு அன்று புரிந்திருக்கும்? பிரெஞ்சுப் படிவத்தைப் படிக்கத் தெரியாத கிராமத்து விவசாயிக்கு அந்த ஆறு மாதம் எப்படிப் போயிருக்கும்?

ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. சம்பளமும் பென்ஷனும் எந்தப் பக்கம் இருந்து வருது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான், பிரெஞ்சுக் குடியுரிமையோடு புதுச்சேரியில் தங்கிய சமூகத்தில் சொல்தா குடும்பங்களுக்கு அவ்வளவு பெரிய இடம்.

பிறந்த இடம் என்பது சும்மா விஷயம் இல்லை என்பதற்கு ஒரு உதாரணம் சொல்றேன். தானாக இந்தியர் ஆகும் விதி, பிரெஞ்சிந்தியப் பகுதிக்குள் பிறந்தவர்களுக்கானது. ஆனா புதுச்சேரி ஒரே துண்டு நிலம் கிடையாது. பிரெஞ்சு ஊர், பிரிட்டிஷ் ஊர், மறுபடி பிரெஞ்சு ஊர்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்ட வரைபடம். நம்ம வழக்கம் என்ன? தலைப்பிரசவம் அம்மா வீட்டில். அம்மா வீடு கடலூரிலோ விழுப்புரத்திலோ இருந்தால், மூத்த பிள்ளை பிறந்தது பிரிட்டிஷ் மண்ணில், இளையவர் பிறந்தது பிரெஞ்சு மண்ணில். பல ஆண்டுகள் கழித்து, குடியுரிமை கேட்டு பிரெஞ்சு நீதிமன்றங்களுக்குப் போன புதுச்சேரிக் குடும்பங்களின் வழக்குகளில், தாத்தா எங்கே பிறந்தார் என்பது பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. வளைகாப்பு முடிஞ்சு மாட்டு வண்டியில அம்மா வீட்டுக்குப் போன ஒரு பயணம், பேரனோட பாஸ்போர்ட்டைத் தீர்மானிக்குது.

மரியாதையும் பொறாமையும்

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்த 5,000 பேர் ஊரின் பொருளாதாரத்தில் தங்கள் எண்ணிக்கைக்கு மேலாகத் தெரிந்தார்கள். காரணம் எளிது: வருமானம் ஃபிராங்கில், பிறகு யூரோவில். செலவு ரூபாயில். 2002 தொடக்கத்தில் ஒரு யூரோ 42 ரூபாயை ஒட்டி இருந்தது. இருபது ஆண்டு கழித்து 80-ஐத் தாண்டியது. சொல்தா ஒன்றும் செய்ய வேண்டாம், ரூபாய் விழுந்தாலே அவருக்கு இன்கிரிமென்ட்.

இதுல ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. எந்தத் தெருவுல நடக்கவே தயங்கின குடும்பமோ, அந்தத் தெருவுல அவங்க மாடி வீடு கட்டினாங்க. பழைய நிலக்காரங்க வீட்டுல பேச்சு மாறிச்சு. நேரா சாதி சொல்ல முடியாதபோது, 'குடிச்சே அழிக்கிறான்', 'சொல்தா காசு'ன்னு ஒரு கேலி. இன்னொரு பக்கம், அதே பாஸ்போர்ட்டுக்காக வரன் தேடி வர்ற கூட்டம். பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற மாப்பிள்ளைக்கு வரதட்சணை சந்தையில தனி விலை. பெண்ணுக்குக் குடியுரிமை இருந்தா, வரதட்சணையே வேண்டாம்னு மாப்பிள்ளை வீட்டார் வருவாங்க. கேலியும் தேவையும் ஒரே வாசல்ல நின்னுது.

ஒண்ணு கவனிங்க. டூரிஸ்ட் படங்களில் வரும் மஞ்சள் சுவர், போகன்வில்லா இருக்கிற வெள்ளை நகரம் இவங்க ஊர் இல்ல. பெரும்பாலான சொல்தா குடும்பங்கள் கால்வாய்க்கு இந்தப் பக்கம், தமிழ்ப் பகுதிகளிலும் புறநகரிலும்தான் வாழ்ந்தாங்க. அந்தப் பக்கம் அவங்களுக்கு இருந்தது சில இடங்கள்தான்: கான்சுலேட், லிசே, புஸ்ஸி தெருவில் முன்னாள் சிப்பாய்களுக்கான 'ஃபுவாயே துய் சொல்தா', அப்புறம் கடற்கரையில அந்த நினைவுச் சின்னம். சாயங்காலம் பெத்தாங்க் விளையாட்டு, மண் தரையில் இரும்புக் குண்டு உருட்டுவது. 'பிரெஞ்சுப் புதுச்சேரி'ன்னு இன்னைக்கு விக்கிறது கட்டடங்களை. ஆனா பிரெஞ்சைக் குடியுரிமையா, மொழியா, பென்ஷன் புத்தகமா வெச்சிருந்தவங்க வேற தெருவுல இருந்தாங்க.

இப்போ யார் மீதி?

ஜூலை 14, பாஸ்தீல் நாள். நான் ஒரு தடவை அந்த விழாவைப் பார்க்கக் காலையிலேயே கடற்கரைக்குப் போயிருந்தேன். இரண்டு நாட்டுக் கொடிகள், இரண்டு தேசிய கீதங்கள். கோட்டு போட்டு, மார்பில் பதக்கங்களோடு முதியவர்கள் சிலர் நின்றார்கள். ஜூலை வெயிலில் கோட்டு எவ்வளவு கஷ்டம்னு நமக்குத் தெரியும். ஒருத்தரும் கழற்றலை. பக்கத்தில் ஜாகிங் வந்த பையன் ஒருத்தன் என்கிட்ட, "ப்ரோ, ஏதாவது ஷூட்டிங்கா?"ன்னு கேட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. வருஷத்துக்கு வருஷம் அந்த வரிசை குறைஞ்சுக்கிட்டே வருது. பிள்ளைகள் பெரும்பாலும் பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். 2022 பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளத்தில் சேர்த்து வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 4,500 பேர். இதில் ஆரோவில்லுக்கு வந்த வெள்ளையர்களும் அடக்கம். இளம் வயதில் ஓய்வு பெற்றவர்களால் இளமையாக இருந்த ஒரு சமூகம், இப்போதுதான் நிஜமாகவே ஓய்வூதியர்களின் சமூகம் ஆகியிருக்கிறது. வீட்டில் பாட்டி, ஒரு வேலையாள், வாட்ஸ்அப்பில் பேரன். ஈஸ்ட்போர்ன் கடைசியில் இங்கேயும் வந்துவிட்டது, ஐம்பது வருஷம் லேட்டாக.

எனக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு ஒட்டிக்கிச்சுன்னா, எங்க ஊருக்கும் இது மாதிரி ஒண்ணு நடந்திருக்கு. திருத்தணிப் பகுதி 1953 வரைக்கும் மதராஸ் மாநிலம். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் எல்லைப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று மறுபடி மதராஸுக்கு வந்தது. எங்க தாத்தா தறியை விட்டு எழுந்திருக்கவே இல்ல, ரெண்டு மாநிலத்துல வாழ்ந்துட்டார். பழைய வீட்டுப் பத்திரத்துல சித்தூர் ஜில்லா, அடுத்ததுல செங்கல்பட்டு, இப்போ திருவள்ளூர். வீடு அதேதான்.

புதுச்சேரியின் அந்த ஆறு மாதக் கதையை அவர்கிட்ட சொன்னேன். இங்கே மாறியது மாநிலம், அங்கே மாறியது நாடு. ரெண்டும் ஒண்ணு இல்லதான். தாத்தா கொஞ்ச நேரம் நூலைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டு சொன்னார்: "நம்மள யாரும் தனியா கூப்பிட்டுக் கேக்கலடா. ஒரு நாள் பஸ்ல போர்டு மாறுச்சு, அவ்ளோதான். ஆனா அந்த ஆளுங்க பாவம்டா. கேட்டுட்டாங்கல்ல? அப்புறம் தப்பாப் போனா யாரைத் திட்டறது?"

அடுத்த தடவை புதுச்சேரி போனா, நினைவுச் சின்னம் முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. தப்பாப் போச்சா, சரியாப் போச்சான்னு அறுபது வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கிற யாரோ ஒருத்தர், நாலு தெரு தள்ளி, மதியத் தூக்கத்துல இருப்பார்.

உங்க வீட்டுலயும் எல்லையோ, பாஸ்போர்ட்டோ, பத்திரமோ மாறின கதை இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.